நிலவிலிருந்து வந்த குரலை மாணவர் பாட்காஸ்டில் சேர்ப்பது எப்படி?

ஒரு பள்ளி ஆசிரியை கேட்டிருக்கிறார்: "ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பேர் சேர்ந்து நிலவுப் பயணங்கள் பற்றிப் பத்து நிமிட பாட்காஸ்ட் ஒன்று செய்கிறார்கள். அப்பல்லோ 11 உரையாடலில் ஒரு துண்டு, சந்திரயான்-3 தரையிறங்கிய நேரலையில் ஒரு துண்டு, இடையில் ஒரு பேட்டி. யூடியூபில் வீடியோவை ஓடவிட்டு, ஸ்பீக்கர் பக்கத்தில் ஃபோனை வைத்துப் பதிவு செய்தோம். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல் கேட்கிறது. இணையத்தில் ஓடும் ஒலியைச் சுத்தமாக எடுக்க வழி என்ன? எடுத்துப் போட்டால் ஏதாவது வில்லங்கம் வருமா?"

டீச்சர், கிணற்றுச் சத்தத்துக்குக் காரணம் எளிது. ஸ்பீக்கரிலிருந்து கிளம்பும் ஒலி நேராக மட்டும் ஃபோனுக்கு வருவதில்லை. சுவரிலும் கரும்பலகையிலும் தரையிலும் முட்டிக்கொண்டு கொஞ்சம் பிந்தியும் வந்து சேர்கிறது. மின்விசிறி ஓடினால் அதுவும் கூடச் சேர்ந்துகொள்ளும். போதாததற்கு ஃபோனும் தன் பங்குக்குச் சத்தம் குறைந்தால் ஏற்றும், கூடினால் இறக்கும், பேச்சு மாதிரி இல்லாததையெல்லாம் இரைச்சல் என்று நினைத்து மழுக்கும். அப்புறம் எந்த மென்பொருளில் போட்டு அலசினாலும் அந்த எதிரொலி முழுதாகப் போகாது. ஆகவே கணினிக்குள் ஓடுகிற ஒலியைக் கணினிக்குள்ளேயே பிடித்துவிட வேண்டும், காற்றில் விடக் கூடாது. அதற்கு வழி இருக்கிறது, காசும் ஆகாது. ஆனால் அதற்கு முன்னால், பதிவு செய்யத்தான் வேண்டுமா என்று ஒரு கேள்வி இருக்கிறது.

நான் ஒரு கல்லூரியின் சமுதாய வானொலியில் பல வருடம் ஒலித்தொகுப்பு பார்த்தவன். "சார், நெட்டிலிருந்து எப்படி ரெக்கார்டு பண்றது?" என்று யாராவது வந்தால், "கோப்பே கிடைக்கிறதா என்று பார்த்தாயா?" என்று திருப்பிக் கேட்பேன். அப்பல்லோ 11 விஷயத்தில் அது கிடைக்கிறது. நாசாவின் தளத்திலும் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்திலும் அந்தப் பயணத்தின் ஒலிப்பதிவுகள் கோப்புகளாகவே இருக்கின்றன, அப்படியே இறக்கிக்கொள்ளலாம். 'அப்பல்லோ இன் ரியல் டைம்' என்ற தளத்தில் பயணம் முழுவதும் நிமிடத்துக்கு நிமிடம் ஓடுகிறது. எந்த நேரத்தில் யார் என்ன பேசினார்கள் என்று எழுத்திலும் கூடவே வரும். பிள்ளைகளை முதலில் அதில் ஒரு மணி நேரம் உலாவ விடுங்கள். உங்களுக்கு வேண்டிய துண்டு எந்த இடத்தில் இருக்கிறது என்று அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

யாரோ ஏற்றிய வீடியோவிலிருந்து எடுப்பதில் வேறொரு சிக்கலும் உண்டு. ஒருமுறை எங்கள் மாணவர் ஒருவர், நிலவில் கால் வைத்த தருணம் என்று ஒரு துண்டைக் கொண்டுவந்தார். போட்டுக் கேட்டால் குரலுக்குப் பின்னால் மெல்ல வயலின் இழைகிறது. 1969-ல் நிலவில் ஏது வயலின்? தேடிப் பார்த்தோம். ஏதோ ஓர் ஆவணப்படத்திலிருந்து வெட்டி யாரோ ஏற்றியிருந்தார்கள். குரல் நாசாவுடையது, யாரும் பயன்படுத்தலாம். வயலின் வேறொருவருடையது. இரண்டும் ஒன்றாகக் குழைந்த பிறகு ஒன்றை மட்டும் நம்மால் சுத்தமாகப் பிரித்தெடுக்க முடியாது. அன்றிலிருந்து எங்கள் அறையில் ஒரு பழக்கம் வந்தது. எந்தத் துண்டாக இருந்தாலும் 'முதலில் பதிந்தது யார்?' என்று கேட்டுக்கொண்டே ஆற்றில் எதிர்நீச்சல் போடுகிற மாதிரி மேலே மேலே போவது. ஊற்று எங்கே இருக்கிறதோ அங்கே போய் எடுத்தால் ஒலியும் நன்றாக இருக்கும், உரிமையும் தெளிவாக இருக்கும்.

உரிமை என்று வந்துவிட்டதால் அதையும் பேசிவிடுவோம். நான் வக்கீல் இல்லை. ஒலித்தொகுப்பாளன் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய அளவுக்குத் தெரிந்துவைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அமெரிக்கச் சட்டப்படி அந்நாட்டு மத்திய அரசு ஊழியர்கள் தங்கள் வேலையின் பகுதியாக உருவாக்குவதற்கு அங்கே காப்புரிமை கிடையாது. அதனால்தான் அப்பல்லோ உரையாடல்களை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்த முடிகிறது. 1962 செப்டம்பர் 12-ல் ஹூஸ்டன் ரைஸ் பல்கலைக்கழக மைதானத்தில், நிலவுக்குப் போவோம் என்று அன்றைய அமெரிக்க அதிபர் கென்னடி பேசிய பேச்சும் இந்தக் கணக்கில் வரும். நாசா முக்கியமாகக் கேட்பது, தன்னுடைய சின்னத்தைப் போட்டு, உங்கள் நிகழ்ச்சிக்கு நாசாவே ஆதரவு தருவது போலக் காட்டிவிடாதீர்கள் என்பதைத்தான்.

பலர் இதைக் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் இஸ்ரோவும் அரசு நிறுவனம்தானே, அதுவும் இலவசம்தானே" என்று முடிவு கட்டிவிடுவார்கள். இங்கே சட்டம் வேறு. 1957-ஆம் வருடத்து இந்தியக் காப்புரிமைச் சட்டப்படி அரசின் படைப்புக்கும் காப்புரிமை உண்டு. வெளியான வருடத்துக்கு அடுத்த வருடத்திலிருந்து 60 வருடம். சந்திரயான்-3 இறங்கியது 2023 ஆகஸ்ட் 23, மாலை 6 மணி 4 நிமிடத்துக்கு. உங்கள் பிள்ளைகளுக்கு எழுபது வயது தாண்டிய பிறகுதான் அந்த ஒலி பொதுச் சொத்தாகும்!

அதற்காக முடியவே முடியாது என்று இல்லை. அதே சட்டத்தின் 52-வது பிரிவில் விலக்குகள் இருக்கின்றன. பாடம் நடத்தும்போது ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் பிரதியெடுப்பது குற்றமில்லை. பள்ளியின் நடவடிக்கையாக, பள்ளியில் உள்ளவர்களும் பெற்றோரும் மட்டும் கேட்கும்படி ஒரு ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டுவதும் பரவாயில்லை. ஆக வகுப்பிலும் ஆண்டு விழாவிலும் நீங்கள் தாராளமாகப் போடலாம். அதையே ஸ்பாட்டிஃபையிலோ யூடியூபிலோ ஏற்றிவிட்டால் ஊரே கேட்கும். அப்போது 'பள்ளிக்குள்' என்ற வேலி போய்விடுகிறது. பிறகு மிஞ்சுவது 'நியாயமான பயன்பாடு' என்கிற வாதம். விமர்சிக்கவோ அலசவோ ஒரு துண்டை மேற்கோளாக எடுத்தோம் என்று சொல்லலாம். அந்த வாதம் நிற்க வேண்டுமென்றால் பிள்ளைகள் உண்மையிலேயே அந்தத் துண்டைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும். சும்மா ஒரு கிளுகிளுப்புக்காக நடுவில் செருகியிருந்தால் நிற்காது.

'30 விநாடி வரைக்கும் எடுத்தால் கேஸ் வராது' என்று ஒரு கதை உலாவுகிறது. உங்கள் பிள்ளைகளும் சொல்வார்கள். அப்படி ஒரு விநாடிக் கணக்கு சட்டத்தில் எங்கும் இல்லை. யூடியூபில் ஏற்றியவற்றைத் தானாக ஒப்பிட்டுப் பார்க்கும் இயந்திரத்துக்கும் 30 விநாடி என்கிற தயவெல்லாம் தெரியாது.

சந்திரயான் துண்டுக்கு நான் சொல்கிற வழி: எந்தத் தளத்திலிருந்து எடுக்க நினைக்கிறீர்களோ, அதன் அடியில் 'காப்புரிமைக் கொள்கை' என்று சின்ன எழுத்தில் ஒரு பக்கம் இருக்கும். அதைப் பிள்ளைகளையே படிக்கச் சொல்லுங்கள். அனுமதி வேண்டும் என்று இருந்தால் பள்ளியின் முகவரியிலிருந்து மின்னஞ்சல் எழுதுங்கள். எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை, எத்தனை விநாடி, எதற்காக, எங்கே வெளியிடுவோம் என்ற நான்கு விவரம் போதும். பள்ளிப் பிள்ளைகள் கேட்டால் மனம் இரங்குகிறவர்கள் எல்லா அலுவலகத்திலும் இருக்கிறார்கள். ஆனால் பதில் வரத் தாமதமாகலாம். அதனால் மாற்று ஒன்றும் தயாராக இருக்கட்டும்.

அந்த மாற்று உண்மையில் நேரலைத் துண்டைவிட எனக்குப் பிடித்தது. சந்திரயான் இறங்கிய அன்று மாலை நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று பிள்ளைகள் பத்துப் பேரிடம் கேட்கட்டும். பள்ளிக் காவலாளி, ஆட்டோ அண்ணன், பாட்டி, இயற்பியல் ஆசிரியர், யாராக இருந்தாலும் சரி. 'இந்தியா நிலவில் இருக்கிறது' என்று அன்றைய இஸ்ரோ தலைவர் சோமநாத் சொன்னதை நாடே கேட்டது. அதைக் கேட்டபோது உங்கள் தெருவில் என்ன நடந்தது என்பது உங்கள் பிள்ளைகளிடம் மட்டும்தான் கிடைக்கும். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்பதையும் யாராவது ஒரு பாட்டி கட்டாயம் சொல்லுவார், பாருங்கள்.

சரி, இப்போது பதிவுக்கு வருவோம். கோப்பாகக் கிடைக்கவில்லை, பயன்படுத்த உரிமை இருக்கிறது, ஆனால் தளத்தில் ஓடவிட்டுக் கேட்க மட்டுமே முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். விண்டோஸ் கணினி என்றால் ஆடாசிட்டி போதும். இலவச மென்பொருள். 2000-இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. பள்ளிக் கணினியின் வயதுக்கும் ஒத்துப்போகும்.

ஆடாசிட்டியைத் திறந்ததும் மேலே 'ஆடியோ செட்டப்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதில் 'ஹோஸ்ட்' என்பதை 'விண்டோஸ் வாஸாபி' என்று மாற்றுங்கள். பிறகு 'ரெக்கார்டிங் டிவைஸ்' பட்டியலைப் பார்த்தால், உங்கள் ஸ்பீக்கர் அல்லது ஹெட்ஃபோனின் பெயருக்குப் பக்கத்தில் 'லூப்பேக்' என்று போட்டிருக்கும். அதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஸ்பீக்கருக்குப் போக வேண்டிய ஒலியை வழியிலேயே மடக்கி ஆடாசிட்டிக்குத் திருப்பிவிடுகிறோம். மைக்குக்கு இதில் வேலையே இல்லை. வகுப்பில் எவ்வளவு கூச்சல் போட்டாலும் பதிவில் விழாது.

இதில் எல்லோரும் தடுக்கி விழுகிற இடங்கள் சில உண்டு. பதிவுப் பொத்தானை அழுத்தியதும் கோடு நகராமல் நின்றால் கெட்டுப்போனதாக நினைக்காதீர்கள். கணினியில் எதுவும் ஓடாதபோது லூப்பேக்கும் காத்துக்கொண்டிருக்கும். ஒலியை ஓடவிட்டதும் நகரும். எதிரொலி மாதிரி இரட்டை இரட்டையாகக் கேட்டால் 'சாஃப்ட்வேர் பிளேத்ரூ' என்ற வசதி இயங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், அணைத்துவிடுங்கள். சத்தத்தின் அளவை ஆடாசிட்டியில் தேடாதீர்கள். ஒலி ஓடுகிற பக்கத்தில் உள்ள ஒலியளவுப் பட்டையில்தான் ஏற்றி இறக்க வேண்டும். அலையின் உச்சி −6 டெசிபல் பக்கம் இருந்தால் நல்லது. மேல் கூரையில் முட்டித் தட்டையானால் அந்தப் பதிவு போச்சு, மறுபடி எடுங்கள்.

அப்புறம், கணினியில் எது ஒலித்தாலும் அது பதிவில் விழும். கென்னடி நிலவைப் பற்றி உருகிப் பேசிக்கொண்டிருக்கும்போது 'டிங்' என்று வாட்ஸ்ஆப் செய்தி வந்தால் அதுவும் வரலாற்றில் சேர்ந்துவிடும். பதிவுக்கு முன்னால் மற்ற பக்கங்களை மூடிவிட்டு அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள்.

ஆப்பிள் கணினியில் இந்த வசதி இப்படி நேராகக் கிடைக்காது. 'பிளாக்ஹோல்' என்ற இலவச மென்பொருளை நிறுவினால், இல்லாத ஒரு ஒலிக்கருவி இருப்பது போலக் கணினி நம்பிக்கொள்ளும். ஒலியை அதற்கு அனுப்பி, அதிலிருந்து ஆடாசிட்டியில் பதியலாம். லினக்ஸில் பதிவுக் கருவிப் பட்டியலிலேயே 'மானிட்டர்' என்று ஒன்று இருக்கும், அதே வேலைதான்.

பிள்ளைகளிடம் ஃபோன் மட்டும்தான் இருக்கிறதா? ஆண்ட்ராய்டு 11-க்குப் பிறகு வந்த ஃபோன்களில் திரைப்பதிவு வசதியிலேயே ஒலி எங்கிருந்து வர வேண்டும் என்று கேட்கும். மைக் வேண்டாம், சாதனத்தின் ஒலி மட்டும் என்று தேர்ந்தெடுத்தால் போதும். வீடியோவாகப் பதிவாகும். ஒலியை மட்டும் பிறகு பிரித்துக்கொள்ளலாம். ஆடாசிட்டி அந்த வீடியோவைத் திறக்க மறுத்தால் எஃப்எஃப்எம்பெக் என்ற துணை மென்பொருளை நிறுவச் சொல்லுங்கள். சில செயலிகளில் இப்படிப் பதிந்தால் வெறும் மௌனம்தான் வரும். பதிவு செய்ய முடியாதபடி அவர்களே பூட்டி வைத்திருக்கிறார்கள். அந்தப் பூட்டை உடைக்கும் வித்தைகளைப் பிள்ளைகள் எங்கிருந்தாவது தேடிக்கொண்டு வருவார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு, உரிமையை மீறும் நோக்கத்தோடு அப்படிச் செய்வது தனியாகவே ஒரு குற்றம். யூடியூபின் விதிமுறையும், தான் வசதி தராத இடத்தில் வீடியோவை இறக்கிக்கொள்வதை ஒப்புக்கொள்வதில்லை. ஊற்றுக்குப் போங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனாலும்தான்.

எடுத்ததை வேவ் கோப்பாகச் சேமியுங்கள். ஸ்டீரியோவில் நிமிடத்துக்குப் பத்து எம்பி ஆகும், பரவாயில்லை. எம்பி3 ஆக்குவது கடைசியில் ஒரே ஒரு முறை மட்டும். ஒவ்வொரு முறை எம்பி3 ஆக்கும்போதும் ஒலியில் கொஞ்சம் உதிர்ந்துவிடும். ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டே போனால் எழுத்து மங்குவது போலத்தான்.

இனிமேல் சொல்லப்போவது எனக்குச் சூடு வைத்துச் சொல்லித் தந்த பாடம். அப்பல்லோ துண்டைக் கேட்டிருப்பீர்கள். நடுநடுவே 'பீப்' என்று ஒரு சத்தம் வரும். எங்கள் மாணவி ஒருவர் அதை இரைச்சல் என்று நினைத்து ஒவ்வொன்றாகத் தேடி வெட்டினார். ராத்திரி வெகுநேரம் உட்கார்ந்து செய்த வேலை. வெட்டி முடித்ததும், பேச்சுக்கு நடுவே நீள நீளமாக இருந்த இடைவெளிகளையும் 'ட்ரங்கேட் சைலன்ஸ்' என்ற வசதியால் சுருக்கிவிட்டார். கேட்கப் படு கச்சிதமாக இருந்தது. நானும் பாராட்டி ஒலிபரப்பிவிட்டேன். மறுநாள் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். "தம்பி, நிலவை எங்கே வைத்திருக்கிறீர்கள்? தாம்பரத்திலா?" என்றார்.

விஷயம் இதுதான். நிலவு சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. வானொலி அலை ஒளியின் வேகத்தில் போனாலும் அங்கே சேர ஏறத்தாழ 1.3 விநாடி ஆகும். பதில் திரும்பி வர இன்னொரு 1.3. ஹூஸ்டன் (பூமியில் இருந்த கட்டுப்பாட்டு மையம்) பேசி முடித்ததற்கும் நிலவிலிருந்து பதில் கேட்பதற்கும் நடுவில் ஏறத்தாழ இரண்டரை விநாடி மௌனம் இருந்தே தீரும். அந்த மௌனம்தான் தூரம். அதை வெட்டியதும் நிலவு தாம்பரத்துக்கு வந்துவிட்டது.

அந்த பீப்புக்கும் ஒரு வேலை இருக்கிறது. 'குவிண்டார் ஒலி' என்று பெயர். ஹூஸ்டனில் இருப்பவர் நேராக நிலவுக்குப் பேசவில்லை. அவர் குரல் கம்பி வழியாக உலகின் வேறு வேறு மூலைகளில் இருந்த தரை நிலையங்களுக்குப் போய் (கலிஃபோர்னியாவில் கோல்ட்ஸ்டோன், ஆஸ்திரேலியாவில் ஹனிசக்கிள் கிரீக், ஸ்பெயினில் மாட்ரிட் பக்கம்) அங்கிருந்துதான் வானுக்கு ஏறியது. அவர் பொத்தானை அழுத்தியதும் 2525 ஹெர்ட்ஸில் கால் விநாடி நீளத்துக்கு ஒரு பீப் போகும். தொலைவில் உள்ள நிலையத்தின் ஒலிபரப்பி விழித்துக்கொள்ளும். பொத்தானை விட்டதும் 2475 ஹெர்ட்ஸில் இன்னொன்று. ஒலிபரப்பி அணைந்துவிடும். இரண்டுக்கும் இடையில் உள்ள மயிரிழை வித்தியாசம் கவனித்துக் கேட்டால் காதுக்கே தெரியும். ஆகவே பீப்புக்கு நடுவில் பேசுபவர் பூமியில் இருக்கிறார், பீப் இல்லாமல் பேசுபவர் மேலே இருக்கிறார். எழுத்தைப் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு யார் எங்கே இருக்கிறார்கள் என்று உங்கள் பிள்ளைகளைச் சொல்லச் சொல்லுங்கள். பாட்காஸ்டில் கேட்பவர்களுக்கும் இதே விளையாட்டை வைக்கலாம். முதலில் துண்டு, பிறகு ஒரு பிள்ளை பீப்பை விளக்குவது, பிறகு அதே துண்டு மறுபடியும். இரண்டாவது முறை கேட்கும்போது வேறு துண்டு மாதிரி இருக்கும். மேலே சொன்ன 'நியாயமான பயன்பாடு' இப்படித்தான் இருக்க வேண்டும், நாசா துண்டுக்கு அது தேவைப்படாவிட்டாலும்.

அதனால் பழைய ஒலியைச் சுத்தம் செய்வதில் கை கொஞ்சம் அடங்கியே இருக்கட்டும். தொடக்கத்திலும் முடிவிலும் கால் விநாடி மெல்ல ஏற்றி இறக்குங்கள், அளவைச் சரிசெய்யுங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளலாம். வெட்டாத மூலக் கோப்பு ஒன்று எப்போதும் தனியாக இருக்கட்டும்.

துண்டு எவ்வளவு நீளம்? எட்டிலிருந்து பதினைந்து விநாடி என்பது என் கணக்கு. பத்து நிமிட நிகழ்ச்சியில் எல்லாத் துண்டும் சேர்ந்து ஒரு நிமிடத்தைத் தாண்டினால் பிள்ளைகளின் குரல் பின்னால் போய்விடும். ஆங்கிலத் துண்டு என்பதால் கேட்பவர்களுக்குத் தமிழும் வேண்டும். மூலக் குரலை மூன்று நான்கு விநாடி முழுச் சத்தத்தில் விட்டு, பிறகு அதைத் தணித்து, அதன் மேல் ஒரு பிள்ளை தமிழில் சொல்லி, கடைசி இரண்டு விநாடி மூலத்தை மறுபடி மேலே கொண்டுவாருங்கள். தமிழில் சொல்லும் பிள்ளை விண்வெளி வீரராக நடிக்க வேண்டாம், சாதாரணமாகச் சொன்னாலே கேட்க நன்றாக இருக்கும். ஆடாசிட்டியில் 'ஆட்டோ டக்' என்ற வசதி இந்தத் தணிப்பைத் தானாகச் செய்யும். தணிய வேண்டிய தடத்துக்கு நேர் கீழே குரல் தடம் இருக்க வேண்டும், மாறிப்போனால் வேலை செய்யாது. கையாலேயே ஏற்றி இறக்கினாலும் பத்து நிமிட வேலைதான்.

பேட்டி விஷயம். அதுவும் இணையவழிப் பேட்டி என்றால் 'இணைய ஒலி'தான், அதற்கும் லூப்பேக் உதவும். ஆனால் அழைப்பில் வரும் குரல் நெட்வொர்க்கில் நசுங்கித்தான் வரும். அதைவிட நல்ல வழி: பேட்டி தருபவர் பேசும்போதே தன் ஃபோனின் குரல் பதிவுச் செயலியைத் தனியாக ஓடவிட்டு, முடிந்ததும் கோப்பை அனுப்பச் சொல்வது. வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள், ஒலி மாறாமல் வரும். தொடக்கத்தில் இரண்டு பக்கமும் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிக் கை தட்டினால் பிறகு இரண்டு பதிவையும் பொருத்துவது சுலபம். தட்டல் அலையில் ஊசி மாதிரி நிற்கும். ஜூமில் பேசுவதாக இருந்தால், ஒவ்வொருவர் குரலையும் தனிக் கோப்பாகச் சேமிக்கும் அமைப்பை முதலிலேயே போட்டுவிடுங்கள். ஒரு பிள்ளை நடுவில் இருமினால் இருமலை மட்டும் எடுத்துவிடலாம். புளூடூத் ஹெட்செட் வேண்டாம். அதன் மைக் இயங்கத் தொடங்கியதும் பல ஹெட்செட்களில் தரம் பழைய தொலைபேசி அளவுக்கு இறங்கிவிடும். பத்து வருடப் பழைய கம்பி ஹெட்ஃபோனே மேல்.

பேட்டி தருபவரிடம், "இதைப் பதிவு செய்கிறோம், இன்ன இடத்தில் வெளியிடுவோம், சம்மதமா?" என்று கேட்டு அந்தச் சம்மதத்தையும் பதிவிலேயே வாங்குங்கள். பேசும் பிள்ளைகளின் பெற்றோரிடம் எழுத்தில் வாங்குங்கள். நிகழ்ச்சியில் பிள்ளைகளின் முதல் பெயர் மட்டும் போதும்.

பின்னணி இசைக்குப் பிள்ளைகள் சினிமா பிஜிஎம் கேட்பார்கள், எல்லாப் பிள்ளைகளும் கேட்பார்கள். அதில் மட்டும் இளகாதீர்கள். பழைய பாட்டு என்பதால் இலவசம் ஆகிவிடாது. வரி, மெட்டு, பதிவு மூன்றுக்கும் தனித்தனி உரிமை. பாரதி 1921-ல் மறைந்தவர், அவர் வரிகள் எப்போதோ எல்லோருக்கும் பொதுவாகிவிட்டன. ஆனால் போன வருடம் ஒருவர் மெட்டமைத்துப் பாடி வெளியிட்ட பதிவு அவருடையது. யூடியூபின் ஆடியோ லைப்ரரியிலும் ஃப்ரீசவுண்ட் தளத்திலும் பயன்படுத்த அனுமதி தந்த ஒலிகள் நிறைய இருக்கின்றன. ஒலியின் பக்கத்திலேயே அனுமதியைச் சொல்லும் ஒரு சுருக்கக் குறி இருக்கும். 'சிசி0' (CC0) என்றால் தடையே இல்லை. 'பிஒய்' என்றால் பெயர் சொல்ல வேண்டும். 'என்சி' என்றால் வணிகத்துக்கு ஆகாது. 'என்டி' என்றால் வெட்டி ஒட்டி மாற்ற அனுமதி இல்லை, அதனால் பாட்காஸ்டுக்குப் பெரும்பாலும் உதவாது. இவையெல்லாம் எதற்கு என்று தோன்றினால், சோறூட்டும்போது பாடுகிற நிலாப் பாட்டை ஒரு பாட்டியைப் பாடச் சொல்லிப் பதிந்துகொள்ளுங்கள். நிலவு நிகழ்ச்சிக்கு அதைவிடப் பொருத்தமான இசை எனக்குத் தோன்றவில்லை.

எல்லாம் ஒட்டிய பிறகு 'லவுட்னஸ் நார்மலைசேஷன்' என்ற வசதியில் ஸ்டீரியோ என்றால் −16, மோனோ என்றால் −19 எல்யூஎஃப்எஸ் (காதுக்கு எவ்வளவு சத்தமாகத் தோன்றும் என்பதன் அளவு) என்று போட்டுவிடுங்கள். பேருந்தில் கேட்பவர் வேறு பாட்காஸ்டிலிருந்து உங்களுடையதற்கு வரும்போது ஒலியளவைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருக்க மாட்டார்.

ஒரு நோட்டும் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வரி: என்ன ஒலி, யார் பதிந்தது, எந்தத் தளம், எந்த நிமிடம், என்ன அனுமதி, என்றைக்கு எடுத்தோம், யார் எடுத்தது. எடுத்த அன்றைக்கே எழுத வேண்டும். பிறகு எழுதலாம் என்று விட்டால் யாருக்கும் நினைவிருக்காது, எனக்கே இருந்ததில்லை. நிகழ்ச்சியின் கடைசியில் பெயர் சொல்வதற்கும், பக்கத்தில் விவரம் போடுவதற்கும், நாளை யாராவது கேட்டால் எடுத்துக் காட்டுவதற்கும் அந்த நோட்டு ஒன்றே போதும்.

சந்திரயானுக்கான மின்னஞ்சலை இன்றைக்கே அனுப்பிவிடுங்கள், அதற்குத்தான் நாள் பிடிக்கும். அது வரும் வரைக்கும் பாட்டிகளையும் ஆட்டோ அண்ணனையும் பதிந்துகொண்டிருக்கலாம். அதற்கு மைக் வேண்டும், லூப்பேக் உதவாது. பதியும்போது மின்விசிறியை மட்டும் மறக்காமல் நிறுத்திவிடுங்கள்.